குடுவை மீன் அல்ல, வயல் மீன்

கடைகளில் ஃபைட்டர் என்று விற்கப்படும் பெட்டா, தாய்லாந்தின் நெல்வயல்களையும் சதுப்புகளையும் சொந்த ஊராகக் கொண்ட மீன். 2019இல் அந்நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலும் அதற்குக் குறைவில்லை.

வயல்நீர் ஆழமற்றது, செடிகள் அடர்ந்தது. வெயில் ஏறினால் அதில் ஆக்சிஜன் குறைந்துவிடும். அதைச் சமாளிக்கவே பெட்டாவுக்குச் செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு சுவாச உறுப்பு உண்டு. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி, அதிலுள்ள ஆக்சிஜனை அந்த உறுப்பின் வழியே ரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும். இந்தத் திறனே அதற்கு வினையாகவும் ஆனது. சிறு குடுவையில் விட்டாலும் சாகாமல் கிடப்பதால், அந்த இடமே போதும் என்று விற்பவரும் வாங்குபவரும் முடிவுகட்டிவிட்டார்கள். காற்றைச் சுவாசிக்கும் மீனுக்கு மூச்சு முட்டாது, அவ்வளவுதான். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா செவுள்களைப் புண்ணாக்கவே செய்யும். கொஞ்சம் தண்ணீரில் அது வெகு சீக்கிரம் ஏறிவிடும்.

ஒரு மீனுக்கு 20 லிட்டர் தொட்டி நல்லது. நீண்ட துடுப்புகள் வேகமான நீரோட்டத்தில் களைத்துப்போகும் என்பதால் மெதுவாக இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். மூடி வேண்டும், ஏனெனில் பெட்டா துள்ளும். ஆனால் மூடிக்கும் நீருக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரைக் குளோரின் நீக்கிய நீரால் மாற்றலாம். பெட்டா பூச்சியுண்ணி, கொசுப்புழு கிடைத்தால் விருந்து.

இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது. வயலில் சண்டையில் தோற்ற மீன் தப்பியோடிவிடும். தொட்டியில் ஓட இடமில்லை. மூர்க்கனாகப் பெயரெடுத்த இந்த ஆண்தான் குஞ்சுகளுக்குக் காவலன் என்பது வியக்கத்தக்கது. எச்சில் பூசிய காற்றுக்குமிழ்களை அடுக்கி நீர்ப்பரப்பில் கூடு கட்டும். மூழ்கும் முட்டைகளை வாயால் கவ்விக் கூட்டில் வைக்கும். பின்பு பெண்ணைத் துரத்திவிட்டுத் தனியே காவல் காக்கும். ஓரிரு நாளில் முட்டைகள் பொரியும். கீழே விழும் குஞ்சுகளையும் அதுவே மேலே கொண்டுவந்து சேர்க்கும்.

புதுத் தொட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே முதலில் தொட்டியை வாங்கி நீர் நிரப்பிப் பக்குவப்படுத்துங்கள். மீனை அதன் பிறகு வாங்குங்கள்.