பாஸ்டன் வானொலியின் குரலை நெரித்தது யார்?

ரசனை மாறிற்று, வானொலி மடிந்தது என்கிறார்கள். பச்சைப் புளுகு!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1968 முதல் ராக் இசையை ஒலித்தது டபிள்யூ.பி.சி.என். நிலையம். உள்ளூர்க் கலைஞர்களுக்கும் இடம் தந்தது. 1979 பிப்ரவரியில் புதிய முதலாளி வந்தான். 19 பேரை வேலையிலிருந்து நீக்கினான். ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாட்டுக் கேட்ட மக்கள் பக்கபலமாக நின்றார்கள். மூன்றே வாரத்தில் முதலாளி பணிந்தான்!

ஆனால் 1996-ல் அமெரிக்க அரசு சட்டத்தை மாற்றியது. நாடு முழுவதிலும் ஒரு கம்பெனிக்கு 40 நிலையங்களே என்ற வரம்பு ஒழிந்தது. ஏகபோகங்கள் நிலையங்களை வாரிச் சுருட்டின. ஊரின் காது போயிற்று. கம்பெனியின் கணக்கேடு வந்தது. 2009 ஆகஸ்டில் சி.பி.எஸ். கம்பெனி அந்த நிலையத்தை அலைவரிசையிலிருந்தே அகற்றியது.

தோழர்களே! ஒரு முதலாளியை வேலைநிறுத்தம் பணிய வைக்கும். முதலாளிக்காகச் சட்டம் செய்யும் அரசை? அதற்கு அரசியல் போராட்டமே வழி என்கிறோம் நாம்.