நகை வேறு, சேமிப்பு வேறு

"கழுத்தில் போட்ட மாதிரியும் ஆச்சு, காசு சேர்த்த மாதிரியும் ஆச்சு" என்று சொல்லித்தான் நம் வீடுகளில் நகை எடுக்கிறார்கள். தங்கம் சமீபத்தில் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு இதை மறுத்துப் பேசவே தயக்கமாக இருக்கிறது. தங்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. நகையை முதலீடு என்பதோடுதான்.

பில்லை எடுத்துப் பாருங்கள். கணக்குக்குச் சுலபமாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன் சங்கிலிக்கு 80,000. செய்கூலி, சேதாரம் இரண்டும் சேர்ந்து 15 சதவீதம் என்றால் 12,000. மொத்தத்தின் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,760. கொடுத்தது 94,760, வீட்டுக்கு வந்தது 80,000 ரூபாய்த் தங்கம். போட்ட முதல் திரும்புவதற்கே விலை 18 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். கல் வைத்த நெக்லஸ் என்றால் இன்னும் மோசம். விற்கும்போது கல்லுக்குத் தனி விலை போடுவார்கள். திரும்ப எடுக்கும்போது கல்லைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்தை மதிப்பிடுவார்கள். பழசைப் போட்டுப் புது மாடல் எடுத்தால் செய்கூலி மறுபடியும் முதலிலிருந்து. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்குத்தான் உத்தரவாதம். கொடுத்த சேதாரத்துக்கு அல்ல.

"சீட்டுக் கட்டினால் சேதாரம் மிச்சம்" என்பார்கள். பல கடைகளில் ஒரு வரம்பு வரை மிச்சம்தான். ஆனால் சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது? பொருளுக்கு வாங்கிய முன்பணம் 365 நாளுக்குள் நேராகாவிட்டால் அது டெபாசிட் என்கிறது, கம்பெனிகள் டெபாசிட் வாங்குவதற்கான 2014ஆம் ஆண்டு விதி. அந்தக் கெடுபிடிக்குள் சிக்காமலிருக்கத்தான் 11 மாதம். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது. கடை ஷட்டரை இறக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது சீட்டு அட்டைதான். தமிழ்நாட்டில் இது நடந்திருக்கிறது.

"தங்கம் இறங்காது" என்பது அடுத்த பேச்சு. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. அந்த விலையை மறுபடி பார்க்க 2008 ஆனது. 2011இல் 1,900 டாலர் வரை போனது, 2015 கடைசியில் 1,100க்கும் கீழே கிடந்தது. ரூபாயின் மதிப்பு சரிந்ததால் நமக்கு அடி அவ்வளவாக உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

"அவசரத்துக்கு அடகு வைக்கலாமே?" இது நியாயமான வாதம். தங்கக் கட்டியின் மேலும், பங்குச் சந்தையில் யூனிட்டாக வாங்கும் கோல்டு ஈ.டி.எஃப். மேலும் வங்கிகள் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, நகைக்குத் தரலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரை மணியில் பணம் புரட்ட நகைக்கு ஈடில்லை. அதற்கென்று நாலைந்து சவரன் இருக்கட்டும். அங்கேயும் தங்கத்துக்குத்தான் மதிப்பு. செய்கூலிக்கும் கல்லுக்கும் இல்லை.

விற்கவே மனம் வராத பொருளின் லாபம் யாருக்கு? தாயின் வளையல் மகள் கல்யாணத்துக்கு உருக்கப்படுகிறது, அதற்கும் கூலி கொடுத்து.

போட்டு மகிழ நகை வாங்குங்கள். அதைப் பட்டுப்புடவை மாதிரிச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். தங்கத்தில்தான் சேமிக்க வேண்டும் என்றால், 2007 முதல் இந்தியாவில் இருக்கும் கோல்டு ஈ.டி.எஃப்.-ஐப் பாருங்கள். ஆண்டுக் கட்டணமும் தரகும் உண்டு. சேதாரம் கிடையாது.