பட்டணத்துக்குச் சாதி இல்லையாம்!

“மாமா, இங்க யாருமே ‘எந்தத் தெரு’ன்னு கேக்கல மாமா!”

அக்கா மகன் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி போன் போட்டுச் சொன்னது இதுதான். விழுப்புரத்துப் பக்கம் ஒரு காலனியில் பிறந்து வளர்ந்த பயல். கல்லூரியில் இடம் கிடைத்து, ஒரு பையும் சர்டிபிகேட் பைலுமாகக் கிளாம்பாக்கத்தில் போய் இறங்கியிருக்கிறான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் தள்ளி உட்காரவில்லையாம். டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸாம். தண்ணி கேட்டால் செம்பைத் தூக்கி ஊற்றாமல் கையிலேயே கொடுக்கிறார்களாம்.

அவன் சந்தோசத்தை நான் கெடுக்கவில்லை. 2006-இல் கோயம்பேட்டில் இறங்கிய அன்று எனக்கும் அதே சந்தோசம்தான். எங்க ஊரில் ஊர்த்தெரு வந்தால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகணும். பாரிமுனைக் கூட்டத்தில் ஒரு ஆள் என்மேல் மோதிவிட்டு, “பாத்துப் போங்க தம்பி” என்றார். ‘போங்க’! எங்கப்பனை ஊரில் பத்து வயசுப் பொடியன் ‘வாடா போடா’ என்று கூப்பிடுவான். அந்த ஒரு ‘ங்க’வை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அன்றைக்குப் பூராவும் காரணமே இல்லாமல் நடந்தேன்.

தோழர்களே, இந்த முதல் நாள் சந்தோசத்தை வைத்துத்தான் ஒரு கூட்டம் பிழைப்பு நடத்துகிறது. “பட்டணத்துல ஏதுங்க சாதி? அதெல்லாம் கிராமத்துல” என்று டி.வி.யில் உட்கார்ந்து பேசுகிறது. ரயில் வந்தால் சாதி போய்விடும் என்றார்கள். மில் வந்தால் போய்விடும் என்றார்கள். கம்ப்யூட்டர் வந்தால் போய்விடும் என்றார்கள். எல்லாம் வந்தது. சாதியும் டிக்கெட் எடுத்துக் கூடவே வந்தது.

முதல் நாள் முடிந்தது. ரெண்டாம் நாள் என்ன ஆச்சு?

விடுதியில் இடம் இல்லை. ரூம் தேடிப் புறப்பட்டான் பயல். புரோக்கர் கேட்ட முதல் கேள்வி அட்வான்ஸ் பற்றி இல்லை. “பசங்க என்ன ஆளுங்க?” முதல் வீட்டம்மா அப்படி நேராகக் கேட்கவில்லை. படித்த அம்மா. சிரித்த முகம். “சொந்த ஊரு எது தம்பி? அங்க எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு? உங்க குலதெய்வம் எது?” கடைசியாக, “சாப்பாடெல்லாம் எப்படி?” அஞ்சு கேள்வியில் முழு ரேசன் கார்டையும் படித்துவிட்டார். “சாயங்காலம் சொல்றேம்பா.” சாயங்காலம் போனால், “சொந்தக்காரங்களுக்கு விட்டுட்டோம்.” பதினைந்து நாள் கழித்து அந்தப் பக்கம் போயிருக்கிறான். ‘வாடகைக்கு’ அட்டை அதே கேட்டில் அப்படியே தொங்குகிறது.

ஊரில் ‘எந்தத் தெரு’ என்று ஒரே கேள்வியில் முடிப்பான். பட்டணத்தான் அஞ்சு கேள்வி கேட்கிறான், மரியாதையாக ‘ங்க’ போட்டு. இவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு நடந்ததும் இதேதான். பத்தொன்பது வருசத்துக்கு மேல் ஆகியும் கேள்வித்தாளை மாற்றவில்லை!

இது நமக்கு மட்டும் நடந்ததா? 1917-இல் அம்பேத்கர் பரோடாவுக்குப் போனார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, தன்னைப் படிக்கவைத்த மன்னரிடமே உத்தியோகம் பார்க்கப் போனார். அவ்வளவு பெரிய நகரத்தில் அவருக்குத் தங்க ஒரு அறை இல்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்று வெளியே போகச் சொன்னது. நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். வெளிநாட்டில் இருந்தபோது தீண்டாதவன் என்ற நினைப்பே தனக்கு மறந்துபோயிருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அதை ஞாபகப்படுத்தியது குக்கிராமம் அல்ல. ஒரு நகரம்.

நம்ம சென்னைப் பட்டணம் மட்டும் என்ன யோக்கியம்? வெள்ளைக்காரன் கோட்டை கட்டிய பிறகு வளர்ந்த ஊர்தானே, இதிலாவது சாதி இல்லாமல் இருந்திருக்கணுமே! பழைய மதராஸ் வரைபடத்தைப் பாருங்கள். வெள்ளையருக்கு ஒரு நகரம், கறுப்பருக்கு ஒரு நகரம், பறச்சேரி தனி. 1707-இல் வலங்கை, இடங்கைச் சாதிகள் தெருவுக்காக அடித்துக்கொண்டபோது கம்பெனிக்காரனே தெருக்களைச் சாதிவாரியாகப் பங்கு வைத்தான். 1921-இல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் எரிந்தது யார் குடிசை? ஆதிதிராவிடர் குடிசை. மில் வந்தால் சாதி போகும் என்றவர்களுக்கு அந்தச் சாம்பலே பதில்.

மூன்றாம் நாள் பயல் இன்னொன்றும் பார்த்தான். மழைக்கு முன்னாடி சாக்கடை அடைப்பு எடுக்கிறார்கள். நாலு பேர் மேலே நிற்க, ஒரு ஆள் உள்ளே இடுப்பளவில் நிற்கிறான். இவன் பேச்சுக்கொடுத்திருக்கிறான். “மாமா, அவரு நம்ம ஆளு மாமா.” எனக்கு ஆச்சரியமா என்ன? மனிதக் கழிவை மனிதன் அள்ளக்கூடாது என்று 1993-இல் சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். செத்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவுக்கு விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. ‘சாதியில்லாத’ பட்டணத்தில் அந்தக் குழிக்குள் மட்டும் எப்படி ஒரே சாதி இறங்குகிறது? வேறு எந்தச் சாதிக்காரன் அப்பனுக்குப் பிறகு மகனாக அதில் இறங்குகிறான்? யாராவது பேராசிரியர் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், வேலையைத் தனியாருக்கு விடாதே என்று இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. குப்பை அள்ளியவர்களையே குப்பையாக அள்ளினார்கள். கொரோனா காலத்தில் இவர்கள் காலைக் கழுவி மாலை போட்ட பட்டணம் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியது.

சரி, குழியில் இறங்குகிற சனம் எங்கே குடியிருக்கிறது? கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டு இந்த ஊரைக் கட்டியவர்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றினார்கள். 2015 வெள்ளத்தைச் சாக்காக வைத்து இன்னும் வேகமாக ஏற்றினார்கள். பரீட்சை நேரம் என்றும் பார்க்கவில்லை. அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறான் முதலாளி. ஊருக்கு வெளியே சேரி, அதுக்குப் பேர் கிராமம். நகரத்துக்கு வெளியே எட்டு மாடிச் சேரி, அதுக்குப் பேர் மறுகுடியமர்வு!

“அப்படின்னா கிராமத்துக்கே திரும்பிடலாமா?” என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. கிராமத்தில்தான் இந்தியாவின் ஆன்மா இருக்கிறது என்று பாடுகிறவன் ஊர்த்தெருவில் பிறந்தவன். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் அந்த ஆன்மாவின் துணியை உருவிக் காட்டினார். அறியாமையும் குறுகிய புத்தியும் அடைந்துகிடக்கும் இடம் என்றார். 1893-இல் ரெட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பேரிலேயே பத்திரிகை போட்டது சென்னையில். 1907-இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியது இதே சென்னை ராயப்பேட்டையில். ஊரில் இருந்திருந்தால் அச்சு எந்திரம் இருந்த குடிசையைக் கொளுத்தியிருப்பார்கள்.

ஆக, பட்டணம் நமக்கு விடுதலை கொடுக்காது. விடுதலைக்குச் சண்டை போட ஆளும் இடமும் கொடுக்கும். முதல் நாள் கிடைக்கும் ‘ங்க’வை விடுதலை என்று நம்பிப் பேரை மாற்றி, ஊரை மறைத்து, அப்பன் தொழிலை முழுங்கி வாழ ஆரம்பித்தால் நம்ம கதை முடிந்தது.

அக்கா மகனிடம் ஒன்று சொன்னேன். மாணவத் தோழர்களுக்கும் சொல்கிறேன். தீண்டாமை காரணமாக வீடு வாடகைக்கு விட மறுப்பது 1955 குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். ஆனா, சாதிக்காக மறுத்தேன் என்று எவன் ஒத்துக்கொள்வான்? ‘சொந்தக்காரங்களுக்கு விட்டுட்டோம்’ என்பதுதானே அவன் பாதுகாப்பு? அதனால் இல்லை என்று சொன்ன வீட்டுக்கு மறுநாளே சாதி இந்துத் தோழர் ஒருவரை அனுப்புங்கள். சாதி ஒழிப்பு மேடையில் நம்மோடு கை கோத்தவர்கள் இந்த வேலையையாவது செய்யட்டும். வீடு ‘காலியாக’ இருந்தால் தேதி போடுங்கள், தெரு போடுங்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். ஒரு விடுதிக்கு ஒரு நோட்டு. பத்து விடுதி சேர்ந்தால் ஒரு வழக்கு.

போன வாரம் பயல் பேசினான். நோட்டு வாங்கிவிட்டானாம். முதல் பக்கத்தில் அந்த அஞ்சு கேள்வியை வரிசையாக எழுதியிருக்கிறானாம்.

“ஆறாவது கேள்வி நாம கேக்கணும் மாமா” என்றான்.

கேட்போம்.