போர்டை மாற்றும் முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்

கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் "பார்மட் பண்ணிடலாம் சார்" என்பவரை நமக்கெல்லாம் தெரியும். கார் எலெக்ட்ரானிக்ஸிலும் அவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் சொல்வது, "போர்டை மாத்திடலாம்". இரண்டுமே எனக்கு உடன்பாடில்லாத வைத்தியம்.

அமெரிக்காவில் 1990-களில் விற்ற ஜீப் கிராண்ட் செரோக்கி போன்ற வண்டிகளில், டிரைவரின் தலைக்கு மேலே, கூரையில் ஒரு சிறிய டிஸ்பிளே உண்டு. திசை, வெளி வெப்பநிலை, மைலேஜ், மீதிப் பெட்ரோலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையெல்லாம் காட்டும். வண்டி பழசானதும் இந்த டிஸ்பிளே மங்கும், அணையும், தட்டினால் மறுபடி எரியும். உடனே போர்டு போய்விட்டது என்று தீர்ப்பு வந்துவிடும்.

பார்க்க ஒரே கருவிதான். ஆனால் தகவல்கள் வெவ்வேறு வழிகளில் வருகின்றன. திசையைச் சொல்வது காந்தப்புலத்தை உணரும் சென்சார். வெப்பநிலை, வண்டியின் முன்பக்கம் உள்ள தெர்மிஸ்டரிலிருந்து வருகிறது. மைலேஜ் கணக்கு, எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து டேட்டா ஒயர் வழியாக வருகிறது. எது காணவில்லையோ, அந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திசை மட்டும் தவறென்றால் காம்பஸை மறுபடி கேலிபரேட் செய்தாலே சரியாகலாம். வெயில் காலத்திலும் கடுங்குளிர் என்று காட்டினால் தெர்மிஸ்டர் ஒயர் அறுந்திருக்கலாம். மைலேஜ் மட்டும் வரவில்லையா? டேட்டா ஒயரைப் பாருங்கள்.

முழுவதும் இருட்டா? பியூஸ், கனெக்டர், எர்த் மூன்றையும் பாருங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருகிறது, ஆனாலும் எரியவில்லை என்றால் மட்டுமே போர்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் சிப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. சூடாகும் ரெசிஸ்டர்களின் சால்டரிங், சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் விட்டிருக்கலாம். தட்டினால் எரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். லென்ஸ் வைத்துத் தேடி, விரிசலுக்கு மறுபடி சால்டர் வைத்தால் போதும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பழைய வண்டியிலிருந்து எடுத்த போர்டை வாங்கி மாட்டுவதில் இன்னொரு சங்கடம். அதன் சால்டரிங்குக்கும் அதே வயதுதான். அதுவும் நாளை அணையலாம்.

எனவே யாராவது போர்டை மாற்றச் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "12 வோல்ட் வருகிறதா, அளந்து பார்த்தீர்களா?" பதில் வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.