ஹீட்டர் பிளக்கில் களிம்பு... எம்.சி.பி கண்டுகொள்ளாத சூடு!

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். பல சிற்பங்களுக்கு முகமே மழுங்கிப்போயிருக்கும். எட்டாம் நூற்றாண்டுக் கருங்கல்லையே தேய்த்துவிட்ட உப்புக்காற்று அது. அதே காற்றுதான் இந்தப் பக்கத்து வீடுகளின் பிளக் பாயின்ட்டுக்குள்ளும் தினமும் போய்வருகிறது. கல் 1,300 வருடம் தாங்கியது. பித்தளைக்கு அந்தப் பொறுமை கிடையாது. சில வருடங்களிலேயே களிம்பு ஏறிவிடும்.

களிம்பு ஏறினால் என்ன ஆகும்? பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி இங்கேதான் உதவுகிறது. மார்க்குக்காகப் படித்து மறந்துபோனவர்களுக்காக ஒரு தடவை: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்ஸ். இந்த இரண்டு வரி போதும்.

பாத்ரூம் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட், 2,000 வாட்ஸ் என்று அதன் மேலேயே போட்டிருக்கும். 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் சுமார் 26 ஓம். இதுதான் ஹீட்டர் காயிலின் தடை. தண்ணீர் சூடாவது அங்கே.

இப்போது பிளக்கின் பின் களிம்பேறி, சாக்கெட்டின் பிடியும் தளர்ந்து, அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை புதிதாக முளைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தடை கொஞ்சம் கூடியதால் கரன்ட் 8.7-லிருந்து 8.5 ஆம்பியராகக் குறையும். ஹீட்டர் வழக்கம்போல வேலை செய்யும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால், அந்த அரை ஓமில் எவ்வளவு சூடு பிறக்கிறது? ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, தடையால் பெருக்க வேண்டும். 8.5 x 8.5 x 0.5. விடை 36 வாட்ஸ்.

36 வாட்ஸ்தானே என்று தோன்றும். டி.வி ரிப்பேர் கடைகளில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 அல்லது 35 வாட்ஸ்தான். அப்படி ஒன்றை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் சொருகிவைத்து, வீட்டில் ஒவ்வொருவராகக் குளித்து முடிக்கும்வரை எரியவிட்டதற்குச் சமம் இது. சூடு ஏற ஏற சாக்கெட்டின் பிடி இன்னும் தளரும், தடை கூடும், சூடும் கூடும்.

எம்.சி.பி இருக்கிறதே, அது விழாதா? விழாது. அளவுக்கு மேல் கரன்ட் போனால்தான் அது விழும். இங்கே கரன்ட் குறைந்திருக்கிறது! கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி-யும் சும்மாதான் இருக்கும். கசிவு எதுவும் இல்லையே. ஆக, இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் கருவிகள் மூக்கும் கையும்தான். பிளாஸ்டிக் கருகும் வாடை, சாக்கெட்டின் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம், ஸ்விட்சை அணைத்த பிறகு ஈரமில்லாத புறங்கையால் தொட்டால் பிளக்கில் சுடும் அளவுக்குச் சூடு... இதில் ஒன்று இருந்தாலும் மறுபடி ஸ்விட்ச் போடாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு சாக்கெட்டை விட்டுவைத்தால், பழைய சாக்கெட் புது பிளக்கையும் கெடுத்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் களிம்பேறும். வார இறுதியில் மட்டும் திறக்கும் ஈ.சி.ஆர் வீடுகளில் இந்தச் சோதனை கூடுதல் அவசியம்.

ஆம்பியரை ஏன் அதனாலேயே பெருக்க வேண்டும்? கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது என்பதால்தான். பக்கத்தில் இருக்கும் கல்பாக்கமே இதற்குச் சாட்சி. 1984-லும் 1986-லும் செயல்பாட்டுக்கு வந்த அங்கிருக்கும் இரண்டு அணு உலைகளும் தலா 220 மெகாவாட். அவ்வளவு மின்சாரத்தை 230 வோல்ட்டில் அனுப்பினால் ஒன்பதரை லட்சம் ஆம்பியர் பாயும் (மூன்று ஃபேஸ் கணக்கெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்). எந்தக் கம்பி தாங்கும்? அதனால்தான் லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். வோல்ட்டை ஆயிரம் மடங்கு ஏற்றினால் கரன்ட் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதே கம்பியில் வீணாகும் சூடு பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

வீட்டுக்கு வருவோம். சின்ன பிளக் பாயின்ட்டின் அளவு 6 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 1,380 வாட்ஸ். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, 1,000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸையும் 1,200 வாட்ஸ் கெட்டிலையும் ஒன்றாகப் போட்டால் ஒன்பதரை ஆம்பியர். பெரிய பிளக்கை சின்ன பாயின்ட்டில் சொருக உதவும் கன்வெர்ட்டர் பிளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

சிற்பக்கூடங்களில் உளிச் சத்தத்தோடு கிரைண்டர் சத்தமும் கேட்கிற ஊர் இது. அங்கே நீளமான ஒயர் இல்லாமல் வேலை ஓடாது. 30 மீட்டர், 1 சதுர மி.மீ செம்பு ஒயரில், போக வர 60 மீட்டருக்குச் சுமார் 1 ஓம் தடை இருக்கும். ஒரு கிரைண்டர் 4 ஆம்பியர் இழுத்தால் ஒயர் முழுக்க 16 வாட்ஸ் சூடு. அதே ஒயரில் இரண்டாவது கிரைண்டரையும் மாட்டினால் 8 ஆம்பியர், 64 வாட்ஸ். விரித்துப் போட்ட ஒயரில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். தேவைக்கு மட்டும் இழுத்துக்கொண்டு மிச்சத்தைச் சுருட்டிவைத்தால், சூடு சுருளுக்குள்ளேயே தங்கி மேலுறையை இளக்கிவிடும். வேலை 5 மீட்டர் தூரத்தில்தான் என்றாலும், ஸ்விட்ச் போடுவதற்கு முன்பு சுருளை முழுதாகப் பிரித்துப் போடுங்கள்.