ஆசிரியர் உரை: கூரை முட்டிய இடம்

பாடி டிசைன் பிரிவில் சேர்ந்த புதிதில், ஒரு காரின் கூரையை 25 மில்லிமீட்டர் உயர்த்தி வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். பின் இருக்கையில் தலை இடிக்கிறது என்று புகார் வந்திருந்தது. மூத்தவர் வரைபடத்தைப் பிரிக்கவே இல்லை. "பெயிண்ட் ஷாப் வாசல் எவ்வளவு உயரம்னு அளந்துட்டு வாப்பா" என்றார். டேப்போடு போனேன். திரும்பி வந்து வரைபடத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன்.

ஹோண்டா ஒடிஸியின் கதையைப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது. வாடிக்கையாளர் என்ன கேட்டார், சந்தை எப்படி மாறியது என்றெல்லாம் அந்தக் கதையை எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். உயரம் என்ற ஒரே அளவைப் பிடித்துக்கொண்டு போனாலும் அதன் ஐந்து தலைமுறையும் வந்துவிடும். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வழிதான் உதவும் என்பது என் எண்ணம்.

1990களின் தொடக்கம். ஜப்பானில் நில விலையும் பங்கு விலையும் ஊதிப் பெருத்து உடைந்திருந்த நேரம். செடானை விட்டுவிட்டு மிட்சுபிஷி பஜேரோ மாதிரியான உயர்ந்த வண்டிகளை நோக்கி ஜனங்கள் போனார்கள். ஹோண்டாவிடம் சொந்தமாக அப்படி ஒன்றும் இல்லை. மிட்சுபிஷி ஹோண்டாவை வாங்கிவிடும் என்ற வதந்திகூட உலவியது. குனிமிச்சி ஒடகாக்கி தலைமையில் குடும்ப வண்டி ஒன்றை உருவாக்க முனைந்த குழுவுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம். புதிய ஆலை கிடையாது. சைதாமா மாகாணத்துச் சயாமா ஆலையில், அக்கார்ட் ஓடும் அதே லைனில், பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் அதைத் தயாரிக்க வேண்டும். செடானுக்காகப் போட்ட லைனில் ஓரளவுக்கு மேல் உயரமான பாடி நுழையாது.

1994 அக்டோபரில் வெளிவந்த முதல் ஒடிஸியின் உயரம் 1,645 மி.மீ. நான்கு ஆண்டுக்கு முன் வந்த டொயோட்டா எஸ்டிமா வேறு வழியில் போயிருந்தது. அதில் எஞ்சினை 75 டிகிரி சாய்த்துத் தரைக்கு அடியில் படுக்க வைத்திருந்தார்கள். சாமர்த்தியமான வேலைதான். ஆனால் எஞ்சின் மேல் தரை, தரை மேல் ஆள் என்று வண்டி உயரத்தான் வேண்டியிருந்தது. ஒடிஸிக்கு அந்த வசதி இல்லை. அக்கார்டின் முன்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், 2.2 லிட்டர் எஞ்சின், செடானைப் போல வெளியே திறக்கும் நான்கு கதவுகள். கியர் லிவர் ஸ்டீயரிங் தண்டுக்கு ஏறிவிட்டதால் முன் இருக்கைகளுக்கு நடுவே பின்னால் நடந்து போக வழி கிடைத்தது.

மூன்றாவது வரிசையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். உயரம் குறைவான வண்டியில் கடைசி இருக்கையைப் பக்கவாட்டில் மடித்துத் தொங்கவிட முடியாது. சாமான் வைக்கும் இடத்தையும் பின்கண்ணாடி வழியே தெரிவதையும் அது அடைத்துவிடும். அதனால் டிக்கித் தரையில் ஒரு பள்ளம் எடுத்தார்கள். முதுகுப் பகுதியை உட்காரும் பகுதி மேல் மடித்து, முழு இருக்கையையும் பின்பக்கக் கீலில் குப்புறப் புரட்டினால் அந்தப் பள்ளத்தில் போய் அடங்கும். மேலே சமதரை. சரி, அந்தப் பள்ளத்தில் வழக்கமாக இருக்கும் ஸ்டெப்னி எங்கே போயிற்று? டிக்கியின் இடது சுவரில் நிமிர்ந்து நின்றது. ஒரு கீலுக்கு இடம் தேடினால் ஒரு சக்கரம் இடம் பெயரும் என்பது வரைபலகையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இன்று ஏழு இருக்கை வண்டி விளம்பரங்களில் காட்டுகிற தரையோடு அடங்கும் இருக்கை, இந்த ஆலை லைனின் நெருக்கடியில் நன்றாக வளர்ந்த பிள்ளை.

வண்டி அமோகமாக விற்றது. கார் மாதிரியே ஓடுகிறது என்பதுதான் வாங்கியவர்கள் சொன்ன காரணம். வேன் செய்ய முடியாத ஆலையில் செய்ததால் வேன் மாதிரி இல்லை, அவ்வளவுதான். பிறகு டொயோட்டா இப்சம், நிசான் பிரசாஜ் என்று போட்டி வண்டிகள் வரிசையாக இறங்கின.

அமெரிக்காவில் இதே வண்டி சிறியதாகத் தெரிந்தது. இசுஸு ஓயாசிஸ் என்ற பெயரிலும் அங்கே விற்றார்கள். 1999 மாடலிலிருந்து அமெரிக்க ஒடிஸி தனிக்குடித்தனம் போய்விட்டது: ஸ்லைடிங் கதவு, வி6 எஞ்சின், கனடாவில் தயாரிப்பு. அந்தப் பெரிய உருவத்தையே லாக்ரேட் என்று பெயர் வைத்து ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். 1,935 மி.மீ. அகலத்தோடு டோக்கியோ சந்தில் அது என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இரண்டாம் தலைமுறையைத் தாண்டி ஜப்பானிய ஒடிஸிக்குத் திரும்புவோம். அக்டோபர் 2003இல் வந்த மூன்றாம் தலைமுறையைத்தான் நான் இந்த வரிசையின் உச்சம் என்பேன். ஜப்பானில் பெரும்பாலான இடங்களில், வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். நகரங்களில் அந்த இடம் பெரும்பாலும் இயந்திரம் தூக்கி அடுக்கும் பார்க்கிங் கோபுரம். அதன் பழைய தட்டுகளில் உயர வரம்பு 1,550 மி.மீ. மூன்றாம் ஒடிஸியின் உயரமும் மிகச் சரியாக 1,550. இந்த முறை குறுக்கே நின்றது ஆலை வாசல் அல்ல, வாடிக்கையாளரின் வாசல். முதல் தலைமுறையைவிட 95 மி.மீ. இறங்கிய வண்டியில் ஏழு பேர் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றால் தரையும் கூடவே இறங்க வேண்டும். பிளாஸ்டிக்கில் தட்டையாக வார்த்த பெட்ரோல் டேங்க்கைத் தரைக்கு அடியில் பரப்பினார்கள். வெளியே நின்று பார்த்தால் ஸ்டேஷன் வேகன். உள்ளே மூன்று வரிசை. 2008இல் வந்த நான்காம் தலைமுறை 1,545 மி.மீ. உயரத்தோடு அதே பாதையில் நடந்தது, சொல்லிக்கொள்ளப் புதிதாக அதிகமில்லை.

அதற்குள் ஜனங்களின் மனம் மாறிவிட்டது. இரண்டு கையிலும் குழந்தையும் பையும் வைத்திருக்கும் தாய்க்கு, நெருக்கமான பார்க்கிங்கில் வெளியே திறக்கும் கதவு எதிரி. 2013 நவம்பரில் ஐந்தாம் ஒடிஸி ஸ்லைடிங் கதவோடு வந்தது. உயரம் மறுபடி 1,690ஐ ஒட்டிப் போனது, பழைய கோபுரத் தட்டு கைவிட்டுப் போனது. பின்னால் இருந்த டபுள் விஷ்போனும் போய், முன்சக்கர இயக்க வண்டிகளில் டார்ஷன் பீம் வந்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். நானும் ஒரு நாள் சுளித்தேன். பிறகு அதன் வாசற்படி உயரத்தைப் பார்த்தேன். சுமார் 30 செ.மீ.தான். முழங்கால் வலிக்காரர் கைப்பிடி தேடாமல் ஏறி உட்காரலாம். தரையை இறக்குவதற்குப் பத்தாண்டு பட்ட பாடு வீண் போகவில்லை, வேறு ஆளுக்குப் பயன்பட்டது.

சயாமாவில் கார் தயாரிப்பு 2021இல் நின்றது; ஒடிஸியும் கூடவே நின்றது. 2023 டிசம்பரில் சீனாவில் தயாராகி ஜப்பானுக்கு இறக்குமதியாகத் திரும்பி வந்தது. எந்த லைனுக்காக அது குனிந்து பிறந்ததோ, அந்த லைன் இப்போது இல்லை.

இந்த இதழில் மூன்றாவது வரிசை இருக்கையின் கீல்களைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வருகின்றன. படிக்க உட்காரும் முன், உங்கள் பட்டறையில் நிற்கும் ஏதாவது ஒரு ஏழு இருக்கை வண்டியின் வாசற்படி உயரத்தையும், கடைசி இருக்கையை மடித்தபின் டிக்கித் தரையின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டுரையில் உள்ள அட்டவணையில் நிரப்ப அந்த இரண்டு அளவும் வேண்டும்.