கரட் டொக்டரை நம்பலாமா?

முன்பள்ளி வினோத உடைப் போட்டி என்றால் ஒரு கரட்டும் ஒரு வெண்டிக்காயும் அதில் கட்டாயம் இருக்கும். "என்னைச் சாப்பிட்டால் இருட்டிலும் கண் தெரியும்" என்று கரட் சொல்லும். "என்னைச் சாப்பிட்டால் கணக்கு நன்றாக வரும்" என்று வெண்டிக்காய் சொல்லும். நாமும் கைதட்டுவோம். ஆனால் இவர்களின் வார்த்தையை நம்பலாமா?

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய உணவு அமைச்சு 'டொக்டர் கரட்', 'பொட்டேட்டோ பீட்' என்ற சித்திரப் பாத்திரங்களை உலவவிட்டது. சீனியும் பட்டரும் பங்கீட்டில் கிடைத்த காலம் அது. உள்நாட்டில் விளைந்த கரட்டையும் உருளைக்கிழங்கையும் மக்கள் உண்ண வேண்டும் என்பதே நோக்கம். அதில் பிழையில்லை. ஆனால் ஜோன் கன்னிங்ஹாம் போன்ற விமானிகள் இரவில் எதிரி விமானங்களை வீழ்த்துவது கரட் சாப்பிடுவதால்தான் என்ற பேச்சும் கூடவே பரவியது. உண்மையில் அவர்களுக்கு உதவியது விமானத்தில் பொருத்திய ராடர். அது அப்போது இரகசியம்.

கரட் சொல்வது முழுப் பொய்யுமல்ல. அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் விற்றமின் ஏ ஆக மாற்றுகிறது. அந்த விற்றமின் குறைந்தால் மாலைக்கண் வரும். போதுமான அளவு உள்ளவர் கூடைக் கணக்கில் தின்றாலும் பூனைக்கண் வராது. அதே சத்து எங்கள் வளவு முருங்கை இலையிலும் உண்டு. நுவரெலியா லொறிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வெண்டிக்காய் நல்ல காய்தான், ஆனால் கணக்குக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை.

"சின்னப் பொய்தானே, பிள்ளை சாப்பிட்டால் போதும்" என்று பெரியோர் சொல்லலாம். ஒன்றைத் தருவதாகப் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டுத் தராமல் விட்டால் அதுவும் பொய்யாகவே எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு தாயிடம் கூறியதை நாம் படித்திருக்கிறோம். அதோடு, வெண்டிக்காயை நம்பிச் சாப்பிட்டும் கணக்கில் புள்ளி குறைந்த பிள்ளை அடுத்த முறை வெண்டிக்காயையும் நம்பாது, உம்மாவையும் நம்பாது.

இன்று சிரிக்கும் தக்காளி சிப்ஸ் பக்கற்றிலும் நிற்கிறது. அதன் முகத்தைப் பார்ப்பதைவிடப் பக்கற்றின் பின்பக்கத்தை வாசிப்பது நல்லது. இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு நம் நாட்டில் 2016 முதல் உண்டு. அதற்குக் கண்ணுமில்லை, வாயுமில்லை. ஆனாலும் உண்மை பேசுகிறது.

காய்கறிகள் தொடர்ந்து பேசட்டும், தம்பி தங்கைகள் சிரிக்கட்டும். அவற்றின் பேச்சை எழுதிக் கொடுப்பவர்கள் நாம்தான். "நான் கண்ணுக்கு நல்லது" என்று கரட்டும், "நான் ருசியானவன்" என்று வெண்டிக்காயும் சொன்னால் போதும். அதற்கும் கைதட்டு கிடைக்கும்.